கீழே நின்ற அறை

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சிக்கந்தர் பாய் ஸ்பேனரை நுழைத்த நேரத்தில் பைபாஸில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. செண்பகவடிவு பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. மடியிலிருந்த கைப்பை சரிந்து தரையில் கிடந்தது. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார் பாய், வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டாமலே. "இல்ல பாய், கால் மரத்துப் போச்சு" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. ஒரு மணிக்குள் சீட்டு வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வண்ணார்பேட்டை பைபாஸை ஒட்டிய இந்தத் தகரக் கொட்டகையில்தான், ரெக்சின் சுருள்களுக்கும் ஃபோம் அடுக்குகளுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். ஹாரனுக்குப் பயந்தவள் வந்து உட்கார்ந்த இடத்தைப் பார், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மதுரைக்குப் போகிற பஸ், நாகர்கோவிலுக்குப் போகிற லாரி, குறுக்கே பாய்கிற ஆட்டோ, எல்லாம் இங்கேதான் அடித்துக்கொண்டு போகின்றன. நீளமாக அடிப்பதெல்லாம் அவளை ஒன்றும் செய்வதில்லை. லாரிக்காரன் மூச்சுப் பிடித்து அடிக்கிறான், அடித்துவிட்டுப் போகட்டும். சின்னதாக, ஒரே ஒரு தடவை, விரலால் தட்டின மாதிரி ஒன்று வரும்போதுதான் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக நர்சு. எந்தக் கட்டிலில் மணி அடித்தாலும் முதலில் எழுகிற ஆள் அவள்தான், எல்லோரும் சொல்வார்கள். சிஸ்டர் வடிவுக்குக் காலில் சக்கரம் என்பார் பெரிய டாக்டர். சக்கரம். அன்றைக்கு அந்தச் சக்கரம் எங்கே போயிற்று?

அதை நினைக்கக் கூடாது. இப்போது நினைக்க வேண்டியது சீட்டு உறையின் நிறம். பாய் இரண்டு துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ஒன்று காப்பித்தூள் நிறம், ஒன்று சாம்பல். தைத்த உறைகள் இரண்டு நிறத்திலும் தயாராக இருக்கின்றன, எது என்று சொன்னால் மாட்டிவிடுவார். மகள் முகில் சாம்பல் கேட்பாள். முகிலரசிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை மதுரையில் வளைகாப்பு, மறுநாள் பேறுகாலத்துக்கு அவளை பாளையங்கோட்டைக்குக் கூட்டி வர வேண்டும். ஒரே பிள்ளை. "டாக்ஸி எல்லாம் வேண்டாம்மா. அப்பா வண்டியிலதான் வருவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பதினாலு மாதமாக உறை போட்டு நின்ற வண்டி. பதினைந்து வருஷத்துப் பழைய வண்டி, ஏழு பேர் உட்காரலாம், ஏறுவதற்குப் படிப்பலகை இருக்கும், குழியில் இறங்கினால் குடல் வாய்க்கு வரும். வயிற்றுப் பிள்ளைக்காரியை அதில் எப்படிக் கூட்டி வருவது? அதனால்தான் நேற்று முழுக்க ஷாக் அப்சர்பர் மாற்றினார்கள், ஸ்பிரிங் மாற்றினார்கள். இன்றைக்கு சீட்டுக்குப் புது ஃபோமும் உறையும். பன்னிரண்டு மணிக்கு எலக்ட்ரீசியன் வந்து பின்னால் கேமராவும் முன்னால் திரையும் வைப்பார். அவள் இந்த வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஸ்கூல் வண்டி சின்ன வண்டி. அதில் எட்டு போட்டாள், மேட்டில் ஏறினாள், லைசென்ஸ் வாங்கினாள். இந்த வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மட்டும் இன்னும் உட்காரவில்லை. நேற்று பாயே வந்துதான் ஓட்டிக்கொண்டு போனார். அந்த சீட்டில் ஆவுடையப்பன் செத்துப் போனார். அவள் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டு வாசலில், புங்கமரத்தடியில், ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கொடுத்து வைத்த சாவு என்றார்கள் வந்தவர்கள். நோயில்லை, நொடியில்லை, தூக்கத்திலேயே போயிட்டாவ. அவளும் தலையாட்டினாள். ஆட்டி ஆட்டி அதுவே நடந்ததாகிவிட்டது.

ஹவுசிங் போர்டு வீடு, முதல் மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற ஓர் அடுக்களை. முகில் படிக்கிற காலத்தில் ஹாலில் டிவி போட்டால் அவள் முறைப்பாள், படுக்கையறையில் நைட் டூட்டி முடித்த வடிவு தூங்குவாள், ஆவுடையப்பனுக்கு உட்கார இடம் கிடையாது. பம்புசெட் கம்பெனியில் வேலை அவருக்கு. சங்கரன்கோவில், ராஜபாளையம், விளாத்திகுளம் என்று வாரம் முழுக்க ரோட்டில்தான். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பார் என்று பார்த்தால் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். பாட்டு கேட்பார். நிலக்கடலை தின்பார். சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். மகளிடம் போனில் பேசுவார். "நம்ம வீட்ல மூணு ரூம்பு வடிவு. ரெண்டு மேல இருக்கு, ஒண்ணு கீழ நிக்கி" என்பார். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த மூன்றாவது அறைக்குத்தான் அவர் புது ஆடியோ வாங்கினார், அதற்குத்தான் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினார், அதைத்தான் துடைத்தார். மேலே இருக்கிற இரண்டு அறையிலும் சுண்ணாம்பு உதிர்ந்தது அவர் கண்ணில் படவேயில்லை. அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற அரைச் செங்கல் சுவரை எடுத்துவிட்டு ஒரு மேடை போட்டால் மூச்சு விட இடம் கிடைக்கும், படுக்கையறையில் சுவரோடு மடிகிற கட்டில் போட்டால் பகலில் நடக்கலாம். எத்தனை வருஷமாகச் சொன்னாள். பேப்பரில் படம்கூட வரைந்து காட்டினாள். இப்போது அந்தச் சுவரைத் தங்கதுரை ஆசாரி உடைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் முதல் சம்மட்டி விழுந்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். வீடும் ஆகிறது, வண்டியும் ஆகிறது. அன்றைக்கு இரண்டில் எது முதலில் என்றுதான் சண்டை. இரண்டும் ஒரே வாரத்தில் ஆகிறது, கேட்ட ஆளில் ஒருத்தர் இல்லை.

அன்றைக்கும் இதே மாதிரி வெயில். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "தோள்பட்டை காலையிலேருந்து இழுத்துப் பிடிக்கி வடிவு. சங்கரன்கோவில் ரோடு கெடுத்துட்டு. இந்த மாசம் ஷாக்கை மாத்திரணும். சீட்டும் போச்சு" என்றார். எந்தத் தோள் என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் யார் வந்து தோள் வலி என்றாலும் அவள் வாயில் வருகிற முதல் கேள்வி அதுதான், எந்தப் பக்கம், எப்போ இருந்து, வேர்க்குதா. வாயில் வந்தது வேறு. "சுவத்தை எடுக்கணும்னு நானும்தான் சொல்லுதேன், அது உங்க காதுல விழலியா? வண்டிக்கு மட்டும் உடனே நோவு வந்துரும்." "ரோட்டுல போற நான்லா அதுல உக்காருதேன்." "அப்ப அதுலயே போய் உக்காருங்க. மெடிக்கல்ல தைலம் வாங்கித் தேய்ச்சுட்டு அங்கேயே கிடங்க." அங்கேயே கிடங்க. அவள்தான் சொன்னாள். வேறு யாரும் சொல்லவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை, ஆணியில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படியில் செருப்புச் சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு வண்டிக்கதவு சாத்துகிற சத்தம், எஞ்சின் சத்தம். அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியாது. அதையும் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். மரத்தடியில் நின்றாரா? மேலே பார்த்தாரா? பார்த்திருந்தால் அடுக்களைச் சன்னலில் அவள் முதுகு தெரிந்திருக்கும்.

"யம்மா, முன் சீட்டுக்கு ரெண்டு இஞ்ச் ஃபோம் சேக்கட்டுமா? பிள்ளைத்தாச்சி உக்காருற சீட்டுன்னு சொன்னீங்கள்லா" என்றார் பாய். "சேருங்க பாய்." "கலரு?" "சாம்பல்." சொல்லிவிட்டாள். ஒன்று முடிந்தது. பாய் தூக்கி வெளியே வைத்த ஓட்டுநர் இருக்கை கொட்டகை வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் ஃபோம் அமுங்கி ஒரு குழி. அவர் எப்போதும் இடதுபக்கம் சாய்ந்துதான் உட்காருவார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். திருப்பினால் ரோடு. ஒரு ஸ்கூட்டி, முன்னால் போகிற சைக்கிளுக்கு, சின்னதாக ஒரு தடவை. முழங்கால். எழவில்லை, பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் இப்படித்தான் அடித்தது. மூன்று இருபதுக்கு. சரியாக மூன்று இருபது, ஏனென்றால் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அடுக்களை வாசல் வழியாக ஹாலில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்து, நாலு மணிக்குக் காப்பிக்கு வந்துதானே ஆகணும் என்று நினைத்தாள். அவளைக் கூப்பிடத்தான் அடிக்கிறார் என்று நினைத்தாள். தண்ணீர் கொண்டு வா, தலையணை போடு என்று அவர் கீழிருந்து ஹாரன் அடித்துக் கூப்பிட்டதில்லை, ஒருநாளும் இல்லை. அதனாலேயே அன்றைக்கு அது திமிராகப் பட்டது. தலையைத் தூக்கினால் சன்னல். சன்னலுக்கு நேர் கீழே வண்டி. தூக்கவில்லை. குழாயைக் கூடுதலாகத் திறந்தாள். தண்ணீர் சட்டியில் விழுந்து சட்டென்று பெரிய சத்தமாகி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் இன்னொரு தடவை அடித்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் ஆக்கிக்கொண்டாள். நாலு மணிக்கு, கீழ்வீட்டு ராஜகனி டீச்சர் கதவைத் தட்டி, "என்ன சிஸ்டர், சார் ரொம்ப நேரமா வண்டிய ஓட விட்டுட்டுத் தூங்குதாவ, பெட்ரோல் வீணாப் போகுதுல்லா" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இவள் படியில் இருந்தாள். வண்டிக்கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர்காற்று முகத்தில் அடித்தது. கழுத்தில் விரலை வைத்தாள். அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் கீழே இழுத்துப் போட்டு மார்பை அமுக்கினாள், ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கினாள், சரியான இடத்தில், சரியான கணக்கில், ஊரே பார்க்க.

பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது சிஸ்டர் என்றார் பெரிய டாக்டர். அந்த வாக்கியத்தை அவளும் சொல்லியிருக்கிறாள், வராந்தாவில் நின்று, தோளில் கையை வைத்து, எத்தனையோ பேரிடம். எதற்குச் சொல்கிறோம் என்று தெரிந்தவளிடம் அதையே சொன்னால் எப்படி ஒட்டும்? ஆனால் அவளிடம் வேறொன்று இருந்தது. பதினாலு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து குளித்து வேலைக்குப் போகிறாள். அவருடைய போன். கையிலேயே வைத்திருந்தார், கதவைத் திறந்தபோது அது அவர் மடியில் கிடந்தது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குக் கடைசியாகப் பேசியது காலை பதினொன்றுக்கு, கயத்தாறு விவசாயி ஒருவரிடம். அதன்பிறகு யாரையும் அவர் அழைக்கவில்லை. நெஞ்சு வலித்தவன், கையில் போன் இருக்கிறவன், பெண்டாட்டிக்குப் போன் போடாமல் ஹாரனையா அடிப்பான்? மாட்டான். ஆகவே வலிக்கவில்லை. ஆகவே தூக்கத்தில் போனார். ஆகவே அந்தச் சத்தம், கை சரிந்து விழும்போது முழங்கை பட்டது. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒரு நிமிஷம் ஆறும். ஒரே ஒரு நிமிஷம். பிறகு அவளுக்குள் இருக்கிற நர்சு கேட்பாள்: சரிகிற கை விழுந்தால் அது அழுந்தித்தானே கிடக்கும்? நீளமாகத்தானே அடிக்கும்? அடித்தது சின்னதாக. சின்னதாக என்றால் வைத்து எடுத்த விரல். எடுத்த விரல் என்றால் உயிருள்ள விரல். உடனே அவள் போனைக் காட்டுவாள், பார், யாரையும் கூப்பிடவில்லை. நர்சு வாயை மூடுவாள். மறுபடி ரோட்டில் ஒரு ஹாரன். மறுபடி முதலிலிருந்து. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முகில் இரண்டு தடவை கேட்டாள். "அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையாம்மா?" "இல்ல மக்கா. தூக்கத்துலயே போயிட்டாவ." இரண்டு தடவையும் ஒரே வார்த்தை, மாறாமல். முகில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

போன் அடித்தது, முதல் மணியிலேயே எடுத்தாள். இப்போதெல்லாம் எந்த அழைப்பையும் அவளால் அடிக்க விட முடிவதில்லை, கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட நின்று பதில் சொல்கிறாள். தங்கதுரை ஆசாரி. "யக்கா, சுவரு எடுத்தாச்சு. நல்ல வெளிச்சம் பாத்துக்கோங்க. ஒரு விஷயம். அந்த அடுக்களை சன்னலை மறைச்சு உசர அலமாரி போடச் சொல்லியிருக்கீங்க. போட்டா காத்தும் வராது, வெளிச்சமும் வராது. சுவரை எடுத்ததே காத்துக்குத்தான, சன்னலை மூடுனா என்ன பிரயோசனம்? மகளும் பேறுகாலத்துக்கு வாராவ." "மூடிருங்க ஆசாரி." "பாதி உசரத்துக்குப் போடவா?" "முழுசா மூடிருங்க." "சரிக்கா, உங்க இஷ்டம். பிறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது." வைத்துவிட்டார். அவர் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பார், காசு போட்டுச் சன்னலை அடைக்கிற பொம்பளை என்று. சிரிக்கட்டும். பதினாலு மாதமாக அந்தத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, தலையைத் தூக்கவும் முடியாமல் தூக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றவளுக்குத்தான் தெரியும். தூக்கினால் உறை போட்ட வண்டி. தூக்காவிட்டால் அன்றைக்கு மாதிரியே தூக்காத தலை. பிளைவுட் வந்துவிட்டால் தூக்கலாம், தூக்கினால் மைக்கா தெரியும், பருப்பு டப்பா தெரியும். ஆனால் காது? காதுக்கு எந்த ஆசாரி பலகை அடிப்பான்?

"யம்மா, இங்க வாங்க" என்றார் சிக்கந்தர் பாய். "சீட்டுக்கு அடியில கிடந்ததை எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பாத்து வேண்டாததைச் சொல்லுங்க, குப்பையில போட்டுருதேன்." பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் பரப்பியிருந்தார். கடலைத்தோல், தீர்ந்துபோன பேனா, பம்புசெட் கம்பெனி ரசீதுத்தாள், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு தைல டப்பா. சின்ன டப்பா, மஞ்சள் மூடி. மூடி தனியாகக் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள். தைலம் வெயிலிலும் நாளாவட்டத்திலும் இறுகிப் போயிருந்தது. மேற்பரப்பு முழுசாக, புதிதாக இருந்தது, நடுவில் மட்டும் ஒரு விரல் தொட்டு எடுத்த பள்ளம். ஒரே விரல், ஒரே தடவை. வீட்டில் இந்தத் தைலம் கிடையாது. அப்படியானால் அந்தக் கொஞ்ச நேரம், செருப்புச் சத்தத்துக்கும் கதவுச் சத்தத்துக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். மரத்தடியில் நிற்கவில்லை, மேலே பார்க்கவில்லை. தெருமுக்கு மெடிக்கலுக்கு நடந்து போயிருக்கிறார். தைலம் வாங்கித் தேய்ங்க என்றாள், போய் வாங்கினார். அங்கேயே கிடங்க என்றாள், வந்து கிடந்தார். நர்சு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளில் தேய்த்துக்கொண்டு, வலி போய்விடும் போய்விடும் என்று காத்திருந்தார். வலித்திருக்கிறது. தூக்கத்தில் போகவில்லை. காத்திருந்து போயிருக்கிறார். டப்பாவை மூக்கருகே கொண்டு போனாள், மணம் இன்னும் இருந்தது, கண்ணில் எரிந்தது. "குப்பையில போட்டுரவாம்மா?" "இல்ல பாய், இது இருக்கட்டும்" என்றாள். தன் குரல் வேறெங்கோ, ஆழமான தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கொட்டகைக்குப் பின்புறம் போனாள். வேப்பமரம், பழைய டயர்கள், ஒரு தண்ணீர் டிரம். டயர் மேல் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும். யாரிடமாவது இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைத்தாச்சியிடமா சொல்வது? வேண்டாம் என்றாள் உள்ளே இருக்கிற நர்சு. வேறு யார் இருக்கிறார்கள்? போன் அடித்தது. முகில்.

"யம்மா, சீட்டு போட்டாச்சா? என்ன கலர் சொன்ன?" "சாம்பல்." "அப்பாடா. நீ காப்பித்தூளைச் சொல்லிருவியோன்னு நினைச்சேன். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" "முகில்" என்றாள். பிறகு வாய் தானாகப் பேசிற்று. அவள் நிறுத்த நினைத்தாள், நிற்கவில்லை. "உங்கப்பா தூக்கத்துல போகல மக்கா. நான் பொய் சொன்னேன். தோள் வலிக்கின்னு சொன்னாவ. நான் கவனிக்கல. சண்டை போட்டேன். அங்கேயே கிடங்கன்னு சொன்னேன். மூணு இருபதுக்குக் கீழேருந்து ஹாரன் அடிச்சுது. ஒரே ஒரு தடவை. நான் கேட்டேன். கேட்டுட்டுப் போகல. குழாயைத் தொறந்து விட்டேன்." அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. செய்துவிட்டோம், ஏழாம் மாதக்காரியிடம் கொட்டிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. "ஏட்டி, இருக்கியா? கீழ உக்காரு. தண்ணி குடி." "உக்காந்துதாம்மா இருக்கேன்." பிறகு முகில் மெதுவாக, எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி சொன்னாள்: "அப்பா எனக்குப் போன் பண்ணாங்கம்மா அன்னைக்கு. மூணு பதினெட்டுக்கு. நான் கட் பண்ணிட்டேன்."

முகில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வண்டியில இருந்து பண்ணாங்கன்னா உங்கூடச் சண்டைன்னு அர்த்தம். அரைமணி நேரம் உன்னையப் பத்திச் சொல்லுவாங்க. அன்னைக்கு வீட்டுக்கு ஆள் வந்திருந்தாங்க, அப்புறம் பேசிக்கலாம்னு கட் பண்ணிட்டேன். அங்க வந்ததும் சொந்தக்காரங்களுக்குச் சொல்றதுக்கு அப்பா போனை எங்கிட்ட தந்தியே, அப்ப முதல் வேலையா அதை அழிச்சிட்டேன். நீ பாத்துறக் கூடாதுன்னு. உங்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்ல, உன்னைக் கூப்பிட்டாங்களான்னு? நீ ஆமான்னு சொல்லிருந்தா நானும் சொல்லிருப்பேன்மா. நான் எடுத்திருந்தா அப்பா வலிக்குதுன்னு சொல்லிருப்பாங்க. நான் உனக்குச் சொல்லிருப்பேன். நீ ஓடிப் போயிருப்ப." குரல் உடைந்தது. "என் வயித்துல இருக்கது அசையுறப்பல்லாம் எனக்கு அந்த போன் அடிக்க மாதிரி இருக்கும்மா."

மூன்று பதினெட்டு. மூன்று இருபது. இரண்டு நிமிஷம். அவள் பதினாலு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போயிற்று. யாரையும் கூப்பிடவில்லை என்ற அந்தப் போன், அது இனி இல்லை. மனுஷர் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மகள் எடுக்கவில்லை. பெண்டாட்டிக்குப் போன் போட பயமோ, ரோஷமோ, எண்ணைத் தேடக் கை வரவில்லையோ, இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு விரலை நீட்டி ஹாரனைத் தொட்டிருக்கிறார். முழங்கையில்லை. சரிந்த கையில்லை. அவளைத்தான் கூப்பிட்டார். முழுசாகத் தெரிந்துவிட்டது, இனித் திரும்பித் திரும்பிக் கேட்க ஒன்றுமில்லை. எதிரே வேப்பமரத்தின் பட்டையில் ஓர் எறும்பு வரிசை மேலே போய்க்கொண்டிருந்தது. போனில் மகள் தேம்பிக்கொண்டிருந்தாள், தேம்பலுக்கு நடுவே மூச்சை இழுத்து இழுத்து. இப்படி இழுத்தால் வயிறு இறுகும். ஏழாம் மாதத்தில் இறுகக் கூடாது. வடிவுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள், இருபத்தேழு வருஷம் வராந்தாவில் நின்றவள். குரல் சமமாயிற்று.

"முகில், அழாத. நான் சொல்லுதைக் கேளு. நீ கட் பண்ணுன நேரத்துல உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல." "உனக்கு எப்படித் தெரியும்?" "நான் பாத்தேன்லா. அடுக்களைச் சன்னல் வழியா. போனைக் காதுல வச்சிருந்தாவ, எடுத்துப் பாத்தாவ, மடியில போட்டுட்டு பாட்டு வச்சாவ. கண்ணாடியைத் திருப்பி மீசையைத் தடவிக்கிட்டாவ. வலி உள்ளவன் மீசையா தடவுவான்? நோவு வந்தது அதுக்குப் பொறவு. வந்ததும் ஹாரன் அடிச்சாவ. உனக்கா அடிச்சாவ, மதுரைக்கா கேக்கும்? எனக்கு அடிச்சாவ. இருபது படி இறங்கினா வண்டி. நான்தான் போகல. அது என்னோடது, எனக்கு மட்டும்தான். அதுல உனக்குப் பங்கு கிடையாது, புரியுதா? நீ அதைத் தொடாத."

தேம்பல் நின்றது. நீளமாக ஒரு மூச்சு வந்தது. கொட்டகை மூலையிலிருந்து எட்டிப் பார்த்து பாய், "யம்மா, எலக்ட்ரீசியன் வந்துட்டாரு, கேமரா எங்க வைக்கன்னு கேக்காரு" என்று கூப்பிட்டார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"நிசமாவே பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"கட் பண்ணதுக்கு அப்பாவுக்குக் கோவம் வரலையா?"

அவள் அன்றைக்குத் தலையைத் தூக்கவேயில்லை. சட்டியில் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மக்கா," என்றாள் செண்பகவடிவு. "சிரிச்சாவ."